இசை படிக்க எங்கே போவது? கல்லடியா, மருதனார்மடமா, சென்னையா?

உயர்தரப் பெறுபேறு வெளியாகி ஒரு கிழமை போனால் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் கூடும். மட்டக்களப்பில் பட்டிருப்பு வலயத்துப் பாடசாலை ஒன்றில் சங்கீதம் படிப்பிக்கிறேன். அதனால் இசை படிக்க நினைக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் தகப்பன் வருவார்கள். போன முறை பெரியகல்லாற்றிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். கதிரையில் இருக்க முதலே தாய் கேட்டார்: "இதப் படிச்சா வேல கிடைக்குமா ரீச்சர்?" மகள் வாய் திறக்கவில்லை. தேத்தண்ணீர் போட நான் குசினிக்குள் போனதும் பின்னாலேயே வந்து, "கச்சேரி பாடுற அளவுக்கு எங்க ரீச்சர் படிப்பிப்பாங்க?" என்றாள்.

ஒரே வீட்டிலிருந்து இரண்டு கேள்வி. இரண்டும் நியாயமானவைதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே இடம் பதிலாகாது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இசைப் படிப்பைத் தேர்வு செய்கிற பலர் பிறகு மனம் நொந்துபோவதற்குக் காரணம் இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான்.

குழப்பத்துக்கு எங்கள் சொல்லும் ஒரு காரணம். "இசைக் கல்லூரி" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வகை இடங்களை அடைத்து வைத்திருக்கிறோம். முதலாவது பல்கலைக்கழகம். அங்கே பாட்டோடு இசை வரலாறு, இலக்கணம், ஆய்வு எல்லாம் சேர்ந்து வரும். கடைசியில் கையில் கிடைப்பது பட்டம். இரண்டாவது, கலைஞரை உருவாக்குவதற்கென்றே நடக்கிற இடம். சென்னைக் கலாக்ஷேத்திராவையும், மேற்கு நாடுகளில் கொன்சர்வட்டரி என்று சொல்லப்படுகிற இடங்களையும் இந்த வகையில் சேர்க்கலாம். அங்கே நாளில் பெரும்பகுதி வாத்தியத்தோடோ குரலோடோதான் போகும். மூன்றாவது தேசிய கல்வியியற் கல்லூரி. அங்கே இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாவது வருடம் ஒரு பாடசாலையில் பயிற்சி பெற்று ஆசிரியராக வெளியே வரலாம். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் இருப்பவை அந்த வகை. எந்த வருடம் எந்தக் கல்லூரிக்குக் கர்நாடக சங்கீதத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதை அந்தந்த வருட வர்த்தமானியில்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா எடுபட்டார் என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

தாயின் கேள்வியை முதலில் எடுப்போம். எங்கள் பகுதியில் இசைப் பட்டத்தின் வழக்கமான முடிவு ஆசிரியர் நியமனம். ஆறாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை அழகியற் பாடமாகச் சங்கீதம் இருக்கிறது, உயர்தரத்திலும் இருக்கிறது. பாடசாலை இருக்கும் வரை சங்கீத ஆசிரியர் தேவைப்படுவார். ஆனால் பட்டம் வாங்கிய கையோடு நியமனம் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. போட்டிப் பரீட்சை இருக்கும், காத்திருப்பு இருக்கும். கிடைத்தாலும் முதல் பாடசாலை வீட்டிலிருந்து தூரமாக, மட்டக்களப்பு மேற்கிலோ திருக்கோவில் வலயத்தின் கடைசியிலோ இருக்கலாம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வருகிறவருக்குக் கல்வியியற் கல்லூரி நேர் வழி, பல்கலைக்கழகம் கொஞ்சம் சுற்று வழி. சுற்று வழியில் போகிறவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது இசையை ஆழமாகப் பார்க்கிற நான்கு வருடம். அது வேண்டாம் என்றால் வேண்டாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகளின் கேள்விதான் கடினம்.

கல்லடியில் இருக்கிற சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு முன்னால் இருக்கிற இடம். 1982இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி, பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இசையோடு நடனம், நாடகமும் அரங்கியலும், கட்புலக் கலை என்று பிற துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தமிழில் படிக்கலாம், படிப்புக்குக் கட்டணம் இல்லை, வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளை என்றால் கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் பின்னேரம் வீட்டுச் சோறு சாப்பிடலாம். இதில் கடைசி விசயத்தைச் சிலர் குறையாகப் பார்க்கிறார்கள். "வீட்டிலிருந்து படிச்சா கலை வராது" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். விடுதியில் இருந்து படித்த எத்தனை பேருக்கு வந்தது என்று கேட்டேன், பதில் இல்லை. அதிகாலையில் எழும்பிச் சாதகம் பண்ண ஒரு மூலை இருக்கிற வீடு, நெரிசலான விடுதியை விட மேல்.

விபுலானந்தரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் பெயரை வளாகத்துக்கு வைத்திருப்பதால் அவர் ஏதோ பாடகர் என்று நினைக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். காரைதீவில் 1892இல் பிறந்த அவர் பட்டம் பெற்றது விஞ்ஞானத்தில். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பழந்தமிழர் ஏழு சுரத்துக்கு வைத்த பெயர்களை எடுத்து, நரம்பின் நீளத்தைக் கணக்குப் போட்டு, இன்று நாம் பாடுகிற ஸட்ஜமும் பஞ்சமமும் நிற்கிற மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தைக் குரலுக்கும் இளிக்கும் பொருத்திக் காட்டினார். சிலப்பதிகார அரங்கேற்று காதையை அடியாக வைத்து அவர் எழுதிய யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், குரல் சுமாராக இருந்தும் இசையின் மீது தீராத கேள்வி இருக்கிற பிள்ளைகள் உண்டு. "ஏன் மோகனத்தில் மத்திமம் இல்லை?" என்று கேட்டு உயிரை எடுக்கிற பிள்ளைகள். அவர்களைக் கச்சேரிக்குத் தள்ள வேண்டியதில்லை. இசையியல் படிக்கிற பல்கலைக்கழகம்தான் அவர்கள் இடம். கணக்கும் தமிழும் தெரிந்த ஒரு பிள்ளை இசைக்குச் செய்யக்கூடிய வேலை இன்னும் மலையளவு கிடக்கிறது.

சரி, பாட வேண்டும், வாசிக்க வேண்டும் என்கிற பிள்ளைக்கு வருவோம். அந்தப் பிள்ளை கட்டடத்தையோ பெயரையோ பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எனக்கு யார் படிப்பிப்பார்?

கர்நாடக சங்கீதம் முகத்துக்கு முகம் பார்த்து வருகிற வித்தை. குரு பாட்டு வரியை ஒரு சங்கதி மாற்றிப் பாடுவார், பிள்ளை திருப்பிப் பாடும், பிழைத்தால் அந்த இடத்திலேயே திருத்துவார். சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் எழுத்தில் வராது. சுரத்தாளில் "க" என்று எழுதியிருக்கும். தோடியில் அந்தக் காந்தாரம் எப்படி அசைய வேண்டும் என்பது ஒரு மனிதரின் தொண்டையிலிருந்துதான் இன்னொரு தொண்டைக்குப் போகும். ஆகவே வகுப்பில் முப்பது பேர் சேர்ந்து ஒரே கீர்த்தனையைப் பாடுகிற இடத்துக்கும், ஐந்து பேர் மாறி மாறித் தனியே பாடுகிற இடத்துக்கும் இடையில் இருக்கிற தூரம், மட்டக்களப்புக்கும் சென்னைக்கும் இடையிலான தூரத்தை விடப் பெரிது. விண்ணப்பிக்க முதல் அங்கே இப்போது படிக்கிற இரண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் கேளுங்கள். உங்கள் வாத்தியத்துக்கு நிரந்தர விரிவுரையாளர் இருக்கிறாரா, வருகை ஆசிரியரா? கிழமையில் எத்தனை மணித்தியாலம்? அதில் நீங்கள் தனியே வாசிக்கிற நேரம் எவ்வளவு? பாட்டு வகுப்பில் மிருதங்கம் வாசிக்க ஆள் வருவாரா, இல்லையென்றால் நான்கு வருடமும் கையில் தாளம் போட்டே முடிந்துவிடுமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பக்கவாத்தியத்தோடு பாடிப் பழகாத பிள்ளை மேடையில் மிருதங்கக்காரர் தனியே வாசிக்கிற முதல் தனியாவர்த்தனம் முடிகிற இடத்தில் எங்கே எடுப்பது என்று தெரியாமல் முழிக்கும்.

இது நான் பட்ட பாடு. என் வாத்தியம் வயலின். நான் படிக்கப் போன இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சிநேகிதி போகிறாள் என்பதற்காக நானும் போனேன். முதல் வருடம் நன்றாகப் போனது. இரண்டாம் வருடம் வயலின் படிப்பித்தவர் மேற்படிப்புக்கு லீவில் போய்விட்டார். பதிலுக்கு ஆள் வரவில்லை. ஆறு மாதத்துக்கு மேல் பாட்டு வகுப்பின் மூலையில் இருந்து, பாடுகிறதைக் கேட்டு நானாகவே வில்லை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆறு மாதத்தில் வலது மணிக்கட்டில் ஏறிய ஒரு பிழையைக் கழற்றப் பிறகு மூன்று வருடம் எடுத்தது. ஒரு ஆசிரியரை மட்டும் நம்பியிருக்கிற துறை, அவர் போனால் வெறும் அறை. அந்த வாத்தியத்துக்கு இரண்டு பேர் இருக்கிறார்களா என்று இப்போது என்னிடம் வருகிற எல்லாப் பிள்ளைகளையும் கேட்டு வரச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு எங்கள் பிள்ளைகள் முன்பும் போனார்கள், இப்போதும் போகிறார்கள். மருதனார்மடத்தில் 1960இல் இராமநாதன் பெயரில் தொடங்கிய இசைக் கழகம் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இப்போது தனிப் பீடமாக வளர்ந்திருக்கிறது. பெரிய கர்நாடகப் பாடகரான மகாராஜபுரம் சந்தானம் ஒரு காலத்தில் அங்கே அதிபராக இருந்தார் என்றால் அதன் பழைய நிறை விளங்கும். பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தால் கல்லடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் வளாகத்துக்கு வெளியே இருக்கிறது. மருதனார்மடத்துக்கு அடுத்தது இணுவில். அளவெட்டியும் தூரமில்லை. நாதஸ்வரமும் தவிலும் வீட்டுத் தொழிலாக இருந்த ஊர்கள் அவை. திருவிழாக் காலத்தில் சைக்கிளில் போய் இரவிரவாக ராக ஆலாபனை கேட்டுவிட்டு விடிய வகுப்புக்கு வரலாம். மிருதங்கம் படிக்கிற பிள்ளைக்குத் தவில் கேட்பது இன்னொரு பல்கலைக்கழகம்.

கேள்வி ஞானம் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். எங்கள் பக்கத்தில் உண்மையில் குறைவாக இருப்பதும் இதுதான். நல்ல ஆசிரியர்கள் இங்கே இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு வருடத்தில் முழு நீளக் கச்சேரி எத்தனை நேரில் கேட்கிறோம்? மாமாங்கத்திலும், கொக்கட்டிச்சோலையிலும், மண்டூரிலும், திருக்கோவிலிலும் திருவிழா நடக்கும்போது மேளக்காரர் வாசிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற இசை மாணவர்களை நான் அதிகம் கண்டதில்லை. கச்சான் கடைக்குப் பக்கத்தில் கண்டிருக்கிறேன். யூடியூப்பில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் போனில் ஆலாபனை ஓடும்போது விரல் தானாகவே அடுத்த வீடியோவுக்குப் போகும். நேரில் கேட்கும்போது எழும்பிப் போக முடியாது. பொறுமை அங்கேதான் வளர்கிறது.

இந்தக் குறையை நினைத்துத்தான் பலர் சென்னையை நோக்குகிறார்கள். நியாயமான ஆசை. மார்கழி வந்தால் காலையிலிருந்து இரவு வரை சபா சபாவாக ஏறி இறங்கலாம், பலவற்றுக்கு நுழைவுச்சீட்டும் தேவையில்லை. படிக்கிற இடங்களும் பல. 1949இல் தொடங்கி, முதல் அதிபராக முசிறி சுப்பிரமணிய ஐயர் இருந்த அரசு இசைக் கல்லூரி, 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரா, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய இசைத் துறை, கொஞ்சம் தள்ளிச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். விபுலானந்தர் இருந்த இடம் என்பதால் சிதம்பரத்தின் மீது எங்களவருக்குத் தனி வாரப்பாடு உண்டு.

ஆனால் சென்னைக்குப் போக முதல் மூன்று விசயத்தைக் கடுதாசியில் எழுதிப் பாருங்கள். ஒன்று காசு. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம், விசா, அறை வாடகை, இவற்றோடு தனியாக ஒரு குருவிடம் படிக்கிற செலவு. இந்த நான்காவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சென்னையில் படித்துத் தேறியவர்களை விசாரித்துப் பாருங்கள், பலரும் கல்லூரிக்கு வெளியே ஒரு குரு வீட்டுக்கும் போனவர்களாக இருப்பார்கள். கொழும்பில் இருக்கிற இந்திய உயர்ஸ்தானிகராலயம் வருடாவருடம் இந்திய அரசின் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பம் கோரும், இசைக்கும் விண்ணப்பிக்கலாம். பெறுபேறு வந்த பிறகு தேடத் தொடங்கினால் பிந்திவிடும். அறிவித்தல் எப்போது வருகிறது என்று ஒரு வருடம் முன்னாலேயே பார்த்து வைக்க வேண்டும்.

இரண்டாவது, கையில் கிடைக்கப்போவது பட்டமா டிப்ளோமாவா? கலைக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. கலாக்ஷேத்திரா டிப்ளோமா வைத்திருக்கிறவரை மேடையில் யாரும் பட்டம் எங்கே என்று கேட்கப் போவதில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பிவந்து ஆசிரியர் நியமனத்துக்குப் போட்டால் வர்த்தமானியில் பட்டம் என்று எழுதியிருக்கும், டிப்ளோமா என்று எழுதியிருக்காது. நான்கு வருடம் கழித்து அலுவலக வாங்கில் உட்கார்ந்து இதைத் தெரிந்துகொள்வதை விட, போக முதல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் ஏற்றுக்கொள்ளப்பட்டவையா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வாயால் கேட்ட பதில் செல்லாது.

மூன்றாவது, திரும்பி வருவீர்களா? இதற்கு நான் புத்தி சொல்ல மாட்டேன். வருவதானால் இங்கே பாட மேடையும், பக்கம் வாசிக்க ஆளும் வேண்டும். சென்னையில் நான்கு வருடம் மிருதங்கத்தோடும் வயலினோடும் பாடிப் பழகிய பிள்ளை, ஊருக்கு வந்து வருடத்தில் ஒருமுறை கலைவிழாவில் பத்து நிமிடம் பாடி வாடிப்போனதைப் பார்த்திருக்கிறேன். இங்கேயே படித்தவர்களோடு சேர்ந்து ஒரு குழுவைக் கட்டிக்கொண்டவர்கள் நிலைத்தார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், பதினெட்டு வயதில் சென்னைக்கு ஓடுவதை விட, இங்கே பட்டத்தை முடித்துவிட்டு இருபத்துமூன்று வயதில் மேற்படிப்புக்கோ ஒரு குருவிடம் ஒன்றிரண்டு வருடம் இருக்கவோ போவது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்தும். அந்த வயதில் எதைக் கேட்கப் போகிறோம் என்று தெரியும், குருவைத் தேர்ந்தெடுக்கக் காது தயாராக இருக்கும். விதிவிலக்கு உண்டு. பதினைந்து வயதில் விரிவாகக் கல்யாணி ஆலாபனை பண்ணுகிற பிள்ளையை நான்கு வருடம் வைத்திருப்பது பாவம், அது உடனே போகட்டும். அப்படி ஒரு பிள்ளையை என் இருபது வருடத்தில் ஒருமுறைதான் கண்டேன்.

மேற்கத்தேய இசையைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். மட்டக்களப்புக்கு அது புதிதல்ல. பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் வயலினோடு கபிரிஞ்ஞா ஆடியதைக் கண்டவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், தேவாலயப் பாடகர் குழுக்கள் இப்போதும் நாலு குரலில் பாடுகின்றன. அந்தப் பக்கம் போகிற பிள்ளைக்கு வழி, இலண்டனிலிருந்து நடத்தப்படுகிற ட்ரினிட்டி அல்லது ஏபிஆர்எஸ்எம் தரப் பரீட்சைகள். எட்டுத் தரம், பிறகு டிப்ளோமா. ஏபிஆர்எஸ்எம்மில் ஐந்தாம் தர எழுத்துப் பரீட்சையோ அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கிற ஒன்றோ இல்லாமல் ஆறாம் தர வாத்தியப் பரீட்சைக்கு விட மாட்டார்கள். ஓர்கன் வகுப்புக்குப் போய்ச் சினிமாப் பாட்டு மட்டும் வாசித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் மாட்டுப்படுகிற இடம் அதுதான். கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஆனால் மொழியை விசாரித்துவிட்டுப் போங்கள். பிரித்தானியக் கொன்சர்வட்டரிகளுக்கான விண்ணப்பம், அடுத்த வருடம் படிப்பதற்கு முதல் வருடம் ஒக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். கட்டணத்தைச் சொல்லி உங்கள் நித்திரையைக் கெடுக்க விரும்பவில்லை.

இப்போது யாரும் என்னிடம் கேட்காத, நானாகச் சொல்கிற ஒரு விசயம். எந்த ஊரிலும் கிடைக்காத ஒரு இசைப் படிப்பு எங்கள் ஊரில் இருக்கிறது. அதை நாங்கள் இசைப் படிப்பு என்றே நினைப்பதில்லை. கூத்து. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஆளுக்குரிய பாட்டைச் சட்டமாக எழுதிக் கொடுப்பார், வட்டக்களரி என்கிற ஆடுகளத்தில் மாதக்கணக்காகப் பழகுவார்கள், சதங்கை அணிவார்கள், அப்புறம் அரங்கேற்றம். வடமோடி, தென்மோடி என்று இரண்டுக்கும் ஆட்டம் வேறு, தாளக்கட்டு வேறு, பாட்டு இழுக்கிற விதம் வேறு. மத்தளக்காரர் சொற்கட்டை வாயால் சொல்லிவிட்டு வாசிப்பார். எட்டு வயதுப் பையன்கள் அதைச் சும்மா நடந்துபோகும்போது சொல்வார்கள். வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களில் வழக்குரை பாடி, குளிர்த்தி பாடுகிற குரல்களைக் கேளுங்கள். உடுக்கைக் கேளுங்கள், பறைமேளத்தைக் கேளுங்கள். அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் பக்கீர் பாவாக்களின் றபானைக் கேளுங்கள், வயல்வெளிக் கவியைக் கேளுங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைக்குக் கொண்டுபோய் மேடையேற்றியதும், அவரோடு ஆடிய எங்கள் சி. மௌனகுரு பிறகு கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்து பாடமாக்கியதும் இந்தச் சரக்கைத்தான்.

கர்நாடக சங்கீதம் படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்கலாம். தாளம் உடம்பில் ஏறுவதற்கு. வகுப்பில் கையால் எண்ணுகிற தாளத்தைக் களரியில் காலால் மிதிக்கிறார்கள். கூத்தாடிய பிள்ளைகள் வர்ணத்தின் இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், தடுமாறுவது குறைவு. இது ஆய்வு முடிவு ஒன்றுமில்லை, என் வகுப்பில் நான் பார்த்தது. அதோடு, ஆய்வு செய்ய நினைக்கிற பிள்ளைக்குச் சென்னையில் தியாகராஜரைப் பற்றி எழுத வரிசையில் நிற்பவர்கள் ஆயிரம் பேர். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை இருக்கிற பாட்டு மெட்டுகளைச் சுரப்படுத்தி எழுத ஆள் போதாது. பாடத் தெரிந்த வயோதிபர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இனி அலுவல் விசயம். கலைப்பிரிவில் சாதாரண பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறது போல உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளியை மட்டும் நம்பி இருக்க முடியாது. இசைக்குச் செயன்முறைத் தேர்வு உண்டு. மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் அந்தப் பாடநெறிக்கு எதிரே என்ன தகைமை என்று எழுதியிருக்கும், தேர்வுக்கான அறிவித்தல் தனியாக வரும். அதைக் காணாமல் விட்டால் ஏ சித்தி இருந்தும் ஒரு வருடம் போகும். அப்படிப் போன பிள்ளைகள் உண்டு. கைநூல் ஒவ்வொரு வருடமும் மாறும் என்பதால் அண்ணனின் பழைய பிரதியை வைத்துப் படிவம் நிரப்ப வேண்டாம்.

வட இலங்கைச் சங்கீத சபைச் சான்றிதழ்களைக் கோவை கோவையாகக் கொண்டுவருகிற பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1931இல் தொடங்கிய சபை அது. தரம் தரமாகப் பரீட்சை வைத்து ஆசிரியர் தரம் வரை கொண்டுபோய்க் கலாவித்தகர் பட்டம் கொடுக்கிறது. எங்கள் பகுதியில் வீட்டு வகுப்புகள் ஒழுங்காக நடப்பதற்கே அந்தப் பரீட்சைதான் காரணம். பிள்ளையை வருடாவருடம் ஒரு படி ஏற்றிவைக்கும். ஆனால் பரீட்சைக்கான பத்து உருப்படியை மட்டும் பாடமாக்கி ஐந்தாம் தரம் பாஸ் பண்ணிய பிள்ளைக்கும், சுருதிப்பெட்டியைப் போட்டவுடன் ஸட்ஜத்தில் நிற்கத் தெரிந்த பிள்ளைக்கும் வித்தியாசத்தைத் தேர்வு வைக்கிறவர் முதல் நிமிடத்திலேயே கண்டுவிடுவார்.

தேர்வு வைக்கிறவர்கள் அறையில் என்ன பார்க்கிறார்கள் என்றால், பெரிய பாட்டை அல்ல. சுருதி, தாளம், காது. சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடச் சொல்லலாம். தாங்கள் பாடுகிற சுரத்தை என்ன சுரம் என்று கேட்கலாம். வர்ணத்தை இரண்டு காலத்தில் கேட்கலாம். உங்கள் கட்டை, அதாவது நீங்கள் பாடுகிற சுருதி, என்னவென்று தெரிந்து போங்கள். ஐந்து கட்டையில் பாடுகிற பெண்பிள்ளை பயத்தில் ஆறில் தொடங்கினால் மேல்ஸ்தாயியில் குரல் கீறும். ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடைந்து எங்கே நிற்கிறது என்று அந்த வயதில் ஓரளவு தெரிந்திருக்கும், பழைய கட்டையைப் பிடித்துத் தொங்க வேண்டாம்.

முடிந்தால் விண்ணப்பிக்க முதல் ஒரு நாள் வளாகத்துக்குப் போய் வாருங்கள். கல்லடி என்றால் பஸ்ஸில் ஏறினால் போகலாம், மருதனார்மடம் என்றால் ஓர் இரவுப் பயணம். விழா நாளில் போகாதீர்கள், சாதாரண நாளில் காலை பத்து மணிக்குப் போங்கள். விறாந்தையில் நின்று கேளுங்கள். அறைகளிலிருந்து பாட்டு வருகிறதா, கதை வருகிறதா? பாடம் முடிந்த பிறகும் யாராவது ஒருவர் மூலையில் இருந்து அதே வரியைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறாரா?

பெரியகல்லாற்றுப் பிள்ளை கல்லடியை முதலாவதாகவும் மருதனார்மடத்தை இரண்டாவதாகவும் போட்டிருக்கிறது. தாய்க்கு அதில் திருப்தி. செயன்முறைத் தேர்வுக்கு என்ன பாடப் போகிறாய் என்று கேட்டேன். தோடி என்றாள். தோடி பிறகு, முதலில் மோகன வர்ணத்தை இரண்டு காலத்திலும் பாடு என்றேன். முதல் காலம் அழகாக வந்தது. இரண்டாம் காலத்தில் பாட்டு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போனது. நாளைக்கு நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், தம்பியையும் கூட்டிக்கொண்டு. அவன் கூத்தில் அருச்சுனனுக்கு ஆடுகிறவன், தாளம் அவன் போடட்டும்.